என் கதவில் மட்டும் இல்லாத பொட்டு

டிசம்பர் 5

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பேச ஆளில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். தேவைப்பட்டால் பிறகு உரிய இடத்தில் பேசுவேன்.

நேற்றுக் காவலாளி மோ படிக்கட்டில் இருந்த பழைய மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை விளக்குகளை மாட்டினார். ஆள் நடந்தால் எரியும், நின்றால் அணையும். யாருடைய நடமாட்டத்தைக் கவனிக்க இந்த ஏற்பாடு என்று முதலில் யோசித்தேன். இன்று காலை குப்பைப் பையோடு இறங்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. எதிர்வீட்டுக் கதவு நிலையில், வலது பக்கம், தோள் உயரத்தில் ஒரு கறை. பழுப்பு கலந்த சிவப்பு. விரலால் வைத்த பொட்டு போல. துரு என்று நினைத்து இறங்கினேன். நாலாம் மாடியில் இரண்டு கதவிலும் அதே பொட்டு, அதே உயரம். மூன்றாம் மாடியிலும். இரண்டிலும். முதல் தளமான தரைத்தளத்திலும்.

குப்பையைப் போடாமலே மூச்சிரைக்க மேலே ஏறி வந்து என் கதவைப் பார்த்தேன். இல்லை.

ஐந்து மாடி, பத்து வீடு. ஒன்பது கதவில் அடையாளம். என் ஒருவன் கதவில் மட்டும் இல்லை. இதைத் தற்செயல் என்று சொல்கிறவன் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

டிசம்பர் 6

இரவு முழுக்க யோசித்ததில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

இந்தக் குடியிருப்பை இடித்துவிட்டு முப்பது மாடி கட்டப் போகிறார்களாம். வீட்டுக்காரர்களின் சம்மதக் கையெழுத்தைச் சேகரிப்பவர் மாதர் சங்கத் தலைவி பியோ கும்ஜா. 201இல் இருப்பவர். அறுபதைத் தாண்டியும் குரல் மட்டும் சந்தைக்காரியின் குரல். எங்கள் படிக்கட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நான் தவிர. ஏன் போடவில்லை என்று யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இங்கே எழுதவும் அவசியம் இல்லை.

ஆக, கையெழுத்துப் போட்ட வீட்டுக்கு ஒரு பொட்டு. போடாத வீடு வெறும் கதவு. இடிக்க வருகிறவனுக்கு ஒரே பார்வையில் புரியும், யாரைத் தொல்லை செய்ய வேண்டும் என்று.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். கதவில் அடையாளம் வைப்பவர்கள் நல்ல காரியத்துக்காக வைத்ததாக நான் படித்ததில்லை.

டிசம்பர் 9

மோவைக் கேட்டேன். காவல் அறைக்குள் மின் கணப்பின் முன் காலை நீட்டிக்கொண்டு சோளத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கறையா? எனக்கெப்படி சார் தெரியும்? நான் வேலைக்கு வந்ததே இந்த வசந்தத்துலதான். பழசா இருக்கும்."

பழசு என்று இவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லையே. திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்: "உங்க கதவு சுத்தமா இருக்குல்ல, சந்தோசப்படுங்க சார்."

சந்தோஷமாம்.

டிசம்பர் 10

பிழைதிருத்த வந்த பாடநூல் பக்கங்கள் மேஜையில் அப்படியே கிடக்கின்றன. நூலாசிரியர் கூக். என் மாணவனாக இருந்தவன். தலை நரைக்கும்வரை நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டவன். அவன் பிழையை நான் திருத்த வேண்டும். நாலைந்து பிழைகளை வேண்டுமென்றே விட்டுவைக்கலாம் என்று தோன்றியது. விடவில்லை. அந்தத் திருப்தியையும் அவனுக்குக் கொடுக்க மனசில்லை.

டிசம்பர் 11

படியில் பியோ அம்மாள் எதிரே வந்தார். இடுப்பில் ஒரு மூட்டை. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, இரண்டாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். தூக்க உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கையெழுத்துக் கேட்டிருப்பார்.

"சார், இளைச்சுட்டீங்களே. இருபத்திரண்டாம் தேதி தொங்ஜித் திருநாளுக்கு முதியோர் கூடத்துக்கு வாங்க. எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடுறோம்."

எனக்கு இன்னும் ஐம்பத்தைந்து ஆகவில்லை, முதியோர் கூடத்துக்கு அழைப்பு. கதவில் இருக்கும் சிவப்பு அடையாளம் என்ன என்று நேரடியாகக் கேட்டேன். முகம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். மூட்டையைத் தேவையில்லாமல் இடம் மாற்றினார்.

"அதுவா... அது இருக்கட்டும் சார். அதைத் துடைச்சுக்கிட்டு இருக்காதீங்க."

என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்துப் பேசினார். வீட்டுக்கு வந்து, படியில் அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். நாளைக்கு மாற்றிப் பேச முடியாது.

டிசம்பர் 12

தரைத்தள அறிவிப்புப் பலகையில் இன்று விடிவதற்குள் ஒட்டியது. நகல் இங்கே:

'இப்படிக்கட்டின் கதவுகளில் அனுமதியின்றிச் சிவப்பு அடையாளங்கள் இடப்பட்டுள்ளன. இதைச் செய்தவர் யார்? எதற்காக? பொதுச் சொத்தை அசுத்தப்படுத்துவது குற்றம். நிர்வாகம் உடனடியாக இவற்றை அகற்றி, செய்தவரைக் கண்டறிய வேண்டும். — ஒரு குடியிருப்பவர்.'

பெயர் போடவில்லை. போட்டால் கேள்வியை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

டிசம்பர் 13

அறிவிப்பின் கீழே யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்: '501 சார், நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?'

எப்படித் தெரிந்தது? எழுத்தைக்கூட மாற்றித்தான் எழுதினேன்.

டிசம்பர் 16

வெற்றி. நிர்வாக அலுவலகத்தின் முத்திரையோடு அறிவிப்பு வந்துவிட்டது. புகாரை ஏற்று, 30ஆம் தேதி துப்புரவு ஆட்கள் வந்து கதவுகள் எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்கிறார்கள். பத்தொன்பது வருடம் கல்லூரிக்கு எழுதிய கடிதங்கள் ஒன்றுக்குக்கூட இப்படிப் பதில் வந்ததில்லை.

இன்று ஒரு கோப்பை மது குடித்தேன். தனியாகத்தான்.

டிசம்பர் 18

கடும் குளிர். ஜெச்சொன் என்றால் இந்த நாட்டிலேயே நடுங்கவைக்கும் ஊர் என்று சும்மாவா சொல்கிறார்கள். பால்கனிக் குழாய் உறைந்துவிட்டது. என் மனைவி உன்சிம் இருந்தால் இரண்டு நாள் முன்பே பழைய துணி சுற்றியிருப்பாள். இந்த வீட்டில் எது எப்போது உறையும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆகஸ்டில் போய்விட்டாள். சமையலறை நாட்காட்டி இன்னும் ஆகஸ்டில்தான் நிற்கிறது. கிழிக்கவில்லை. சோம்பல்.

302 ஹான் படியில் என்னைக் கண்டதும் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். பஸ் டிரைவர் பே என்பவரின் மனைவி, வியட்நாமிலிருந்து வந்தவள். உன்சிம் உயிரோடு இருந்தவரை எங்கள் அடுப்படியிலேயே கிடந்தவள். இப்போது ஏன் ஒளிய வேண்டும்? கையில் வாளியும் துணியும் இருந்தன. துடைக்கக் கிளம்பினாளா? எதைத் துடைக்க? யார் சொல்லி?

பியோ அம்மாளின் கையாள் இவளாகத்தான் இருக்க வேண்டும். கணவனுக்குப் புது வீடு கிடைக்கும் என்று ஆசை காட்டியிருப்பார்கள்.

டிசம்பர் 20

உன்சிமின் செருப்பு வாசலில் இருந்த இடத்தில் இல்லை. நகர்ந்திருக்கிறது. நானே காலால் தட்டியிருக்கலாம். இருந்தாலும் கதவுப் பூட்டைத் திறக்கும் எண்ணை மாற்றிவிடலாமா என்று கையை வைத்தேன். மாற்றவில்லை. பழைய எண்தான் அவளுக்குத் தெரியும் என்று ஒரு விநாடி — என்ன பைத்தியக்காரத்தனம். எழுதியதை அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.

டிசம்பர் 22, காலை

தொங்ஜி. ஆண்டிலேயே நீளமான இரவு நேற்று முடிந்ததா, இன்றுதான் வருமா என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

கதவைத் திறந்தேன். என் கதவு நிலையில் சிவப்பு. காயாதது. வழிந்து, ஒரு சொட்டு, உறைந்து நின்றிருந்தது.

தொட்டு மோந்து பார்த்தேன். செம்பயறுக் கஞ்சி.

என் மடத்தனத்தை என்ன சொல்ல! இடிக்கிற கும்பலின் அடையாளமாம். தொங்ஜிக்குப் பேய் அண்டாமல் இருக்க வாசலில் பூசுகிற கஞ்சி. போன வருடத்தது காய்ந்து போய்ப் பழுப்பாகிக் கிடந்திருக்கிறது, நான் அதைக் கையெழுத்து என்று — சரி. அது இருக்கட்டும். இன்று என் கதவில் பூசியது யார்?

செத்த வீட்டு வாசலில் இந்தக் கஞ்சியைப் பூசக் கூடாது. பச்சைக் குழந்தைக்குத் தெரியும். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் கஞ்சி வைக்கவே மாட்டார்கள். வைத்தால், பூசினால், போன ஆள் வீட்டுக்கு வந்தாலும் வாசலைத் தாண்ட முடியாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நம்பாதவன் வீட்டு வாசலில் நம்புகிறவர்கள் பூசினால் அதன் அர்த்தம் என்ன? அவளை வெளியே விரட்டினால் இவனும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அதுதானே?

கதவுக்கு வெளியே தரையில் ஒரு மூடிய கிண்ணம். கஞ்சி. மேலே சுருட்டிய நாட்காட்டி, புது வருடத்தது. பிரித்தால் அடியில் கட்டுமான நிறுவனத்தின் பெயர், கொட்டை எழுத்தில்.

கிண்ணத்தைப் பால்கனியில் வைத்தேன். கதவில் இருந்ததைக் காகிதத்தால் கொஞ்சம் வழித்தெடுத்து வைத்திருக்கிறேன். சாட்சி வேண்டும். கிளம்புகிறேன். இன்றைக்கு இருக்கிறது.

அதே நாள், மாலை

எழுதிவிட வேண்டும்.

முதியோர் கூடத்தில் கணப்பு ஏற்றிய தரை சூடாக இருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி. எங்கள் படிக்கட்டுக்காரர்கள் மட்டும் ஒரு மூலையில் நீள மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பியோ அம்மாள் அண்டாவிலிருந்து கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. இடம் விட்டு ஒதுங்கினார்கள். நான் உட்காரவில்லை. காகிதத்தை மேஜை மேல் வைத்தேன்.

சாவு நடந்த வீட்டு வாசலில் இதைப் பூசியது யார் என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கூடாது என்று உங்களில் ஒருவருக்குமா தெரியாது, வர நினைக்கிறவள் எப்படி வருவாள் என்று கேட்டேன். ஆம், அதையும் கேட்டேன். இத்தனை பேர் முன்னால்.

பியோ அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

"பூசினது யாருன்னு எங்க யாருக்கும் தெரியாது சார். உங்க வாசலுக்குக் கிண்ணமும் நாட்காட்டியும் மட்டும்தான் நான் அனுப்பினேன். துக்க வீட்டுல கஞ்சி வெக்க மாட்டாங்க, நாமதான் கொண்டு போய்க் கொடுக்கணும்னு."

மேஜையின் கடைசியில் ஹான் எழுந்து நின்றாள். மடியில் இருந்த பெண் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நான்தான் சார் வெச்சேன்."

பியோ அம்மாள் அவள் பக்கம் பாய்ந்தார். "ஏண்டி, அந்தக் கதவுக்கு வெக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாது பெரியம்மா. அக்கா அதைச் சொல்லல."

எந்த அக்கா என்று நான் கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பியோ அம்மாள்தான் சொன்னார். கதவில் இருக்கும் பழைய பொட்டு போன வருடத்தது. உன்சிம் வைத்தது. போன வருடம் மட்டும் இல்லை, பல வருடமாக. முதல் தடவை அவள் வேலை பார்த்த பள்ளிச் சமையலறையில் கஞ்சி மீந்துபோய், என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கிண்ணத்தோடு விடியற்காலையில் படி ஏறி வந்து கதவு கதவாகப் பொட்டு வைத்தாளாம். அடுத்த வருடம் இவர்களே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 102இல் பேரன் பிழைத்த வருடம், 402இல் பையனுக்கு வேலை கிடைத்த வருடம், எல்லாவற்றையும் அவள் விரலோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிற நேரம் அது. தொங்ஜியன்று சீக்கிரம் சமையலறைக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னதை நான் நம்பியிருந்தேன்.

அப்படியானால் நான் பலகையில் ஒட்டியபோதே எல்லோருக்கும் தெரியுமா என்றேன்.

"தெரியும். உங்க வீட்டம்மா வெச்சதுன்னு உங்ககிட்ட யாரு சார் வந்து சொல்றது? அவங்களே உங்ககிட்ட மறைச்சதை?"

பிறகு, கரண்டியை மறுபடி எடுத்து அண்டாவைக் கிளறிக்கொண்டே:

"எல்லார் கதவுக்கும் வெக்கிறியே, உன் கதவுக்கு ஏண்டி வெக்கலன்னு நான் ஒரு தடவை கேட்டேன். 'எங்க வீட்டுப் பேய் உள்ள தூங்குது அக்கா, வெளிய பூசி என்ன பிரயோசனம்'னா."

எல்லோரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். 402காரர் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவர் மனைவி அவர் தொடையில் அடித்தது எனக்குக் கேட்டது. நான் கோபப்படவில்லை. அது அவளுடைய பேச்சுத்தான். ஒரு சொல்கூட மாறாமல் அவளுடைய பேச்சு. நாலு மாதமாகக் கேட்காதது.

ஹான் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா ஒன்பது கதவுக்கு வெச்சாங்க. தன் கதவுக்கு மட்டும் வெக்கல. அதனாலதான் அக்காவுக்கு நோய் வந்துச்சுன்னு நினைச்சேன் சார். உங்களுக்கும் வந்துடக் கூடாதுன்னு முதல்ல உங்க கதவுக்குத்தான் வெச்சேன்."

மேஜை மேல் வைத்த காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது பியோ அம்மாள் செருப்பு விடும் இடம்வரை வந்தார். நாளையிலிருந்து வெளிச்சம் கூடும் சார், கையெழுத்து கிடக்கட்டும், அந்தக் கிண்ணத்தை மட்டும் வீணாக்காதீங்க என்றார்.

கையெழுத்து கிடக்கட்டுமாம். அதை ஏன் அந்த நேரத்தில் நினைவூட்ட வேண்டும்? பார்த்துக்கொள்ள வேண்டும் இந்த அம்மாளை.

டிசம்பர் 23

ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 23, மதியம்

கல்யாணமான முதல் குளிர்காலம். வேறு வீடு, வாடகை வீடு. தொங்ஜியன்று கதவில் பொட்டு வைத்துவிட்டு, மூக்கு நுனியில் கஞ்சியோடு உள்ளே வந்தாள். நான் எழுந்து போய் ஈரத் துணியால் துடைத்தேன். படித்தவன் வீட்டு வாசலில் இது என்ன என்று, ஒரு வகுப்பு எடுப்பது போல, எங்கிருந்து வந்த பழக்கம், எதற்காகப் பயந்தவர்கள் செய்தது என்று எல்லாம் சொன்னேன். நின்று கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் கதவு சுத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் பருவத்தில் மதிய வெயில் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வருகிறது! பால்கனிக் கண்ணாடி வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, வாசல்வரை. அவள் செருப்பு மேல் விழுந்தது. கோடையில் பால்கனியோடு நின்றுவிடும் வெயில். சூரியன் தாழ இறங்கினால் வெளிச்சம் உள்ளே நீளும், இது சாதாரணக் கணக்கு. தெரிந்த கணக்குத்தான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 24

படிக்கட்டில் ஒவ்வொரு மாடியாக நின்று பார்த்தேன். அசையாமல் நின்றால் விளக்கு அணைகிறது, கையை ஆட்டி ஆட்டி எரிய வைக்க வேண்டியிருக்கிறது. மோ கீழிருந்து யாரது என்று இரண்டு தடவை கத்தினார்.

ஹான் பழைய பொட்டை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் புதிதாக வைத்திருக்கிறாள். புதியது சின்னது. பழையது அகலம், கட்டைவிரல். 402 கதவில் தெளிவாக இருக்கிறது: பொட்டின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. சமையலறைக் கத்தி வெட்டி, தையல் போட்ட தழும்பு. அந்தத் தழும்பு உன்சிமின் கட்டைவிரலில் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது கதவிலும் அவள் விரல் இருக்கிறது. என் வீட்டில் அவள் சட்டைகளைத் துவைத்தாகிவிட்டது, தலையணை உறையை மாற்றியாகிவிட்டது, எல்லாம் நானே செய்தேன். இங்கே, இந்த அடுத்தவர் கதவுகளில் மட்டும் —

30ஆம் தேதி துடைக்க வருகிறார்கள். மருந்து போட்டு.

என் புகாரின் பேரில்.

டிசம்பர் 26

நேற்றெல்லாம் வெளியே போகவில்லை. பால்கனியில் வைத்த கிண்ணம் கல்லாக உறைந்திருந்தது. சுடவைத்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அரிசி மாவு உருண்டைகள் வெடித்திருந்தன. உன்சிம் கையில் உருண்டை ஒருநாளும் வெடிக்காது. இருந்தாலும் முழுவதையும் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, எதை வைத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. அதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டது.

புது நாட்காட்டியின் அடியில் இருந்த கட்டுமான நிறுவனத்தின் பெயரைக் கத்தரியால் நேராக வெட்டி எறிந்தேன். மீதியை ஆணியில் மாட்டினேன். ஆகஸ்டைக் கழற்றி மடித்து இழுப்பறையில் வைத்தேன்.

டிசம்பர் 27

நிர்வாக அலுவலகம் போனேன். சின்ன வயது எழுத்தர், காதில் பென்சில். 30ஆம் தேதித் துப்புரவை எங்கள் படிக்கட்டுக்கு மட்டும் நிறுத்த வேண்டும் என்றேன்.

"புகார் வந்திருக்கே சார்."

அதைத் திரும்பப் பெறலாமே என்றேன்.

"புகார் கொடுத்தவர் வந்து சொன்னா எடுத்துடலாம். அதுல பேரே இல்ல. யாரு வந்து திரும்பப் பெறுவாங்க?"

என்னைக் கூர்ந்து பார்த்தார். தெரிந்துகொண்டே கேட்கிறாரா? பியோ அம்மாள் ஏற்கெனவே இங்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நானாக வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து — இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

துடைக்க வேண்டாம் என்று ஒரு எதிர்ப்பு வந்தால்? அதிலும் பெயர் இல்லாவிட்டால் என்று கேட்டேன்.

எழுத்தர் பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்தார். "துடைக்கச் சொன்னதும் பேர் இல்லாமத்தானே சார் வந்துச்சு. வேண்டாம்னு ஒண்ணு பலகையில இருந்து, யாரும் மறுக்கலைன்னா, ஆளுங்களை அடுத்த படிக்கட்டுக்கு அனுப்பிடுவேன். எனக்கென்ன."

வரும் வழியில் ஆரஞ்சு ஒரு பை வாங்கினேன். கிண்ணத்தில் வைத்துக் கொடுக்க. மீதியை 302 வாசலில் வைத்துவிட்டு மணியை அடிக்காமல் மேலே வந்துவிட்டேன். ஏறும்போது கீழே கதவு திறக்கும் சத்தம். "அம்மா, ஆரஞ்சு" என்று குழந்தையின் குரல். பிறகு ஹான்: "சத்தம் போடாதே, சாருக்குக் கேட்கும்."

கேட்டது.

டிசம்பர் 28

பொழுது சாயும் நேரம் மேஜையில் உட்கார்ந்தேன். விளக்குப் போடாமல் கடைசிவரை எழுத முடிந்தது. போன வாரம் இதே நேரத்தில் முடிந்திருக்காது என்று தோன்றுகிறது. ஆறு நாளில் வெளிச்சம் எவ்வளவு கூடிவிடப் போகிறது, ஒன்றுமில்லை, இது என் கற்பனை. தெரியும். எழுதி வைக்கிறேன்.

ஏழெட்டுத் தடவை கிழித்த பிறகு நின்றது:

'30ஆம் தேதி இப்படிக்கட்டின் கதவுகளைத் துடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முந்தைய அறிவிப்பில் சொல்லப்பட்டது தவறு. பொட்டுகளில் பழையவை 501இல் இருந்தவர் வைத்தவை. புதியவை 302இல் இருப்பவர் வைத்தவை. வருகிற தொங்ஜிக்கும் 302 அவர்களே வைக்க வேண்டும். 501 கதவுக்கும் வைக்கலாம். ஆட்சேபம் இல்லை.'

படித்துப் பார்த்தேன். 'ஆட்சேபம் இல்லை' என்பது அலுவலகத் தோரணையாக இருக்கிறது. மாற்ற வேறு சொல் அகப்படவில்லை. இருக்கட்டும்.

அடுத்த தொங்ஜிக்குள் இந்தக் கட்டடம் நிற்குமா என்று யாருக்குத் தெரியும். பியோ அம்மாள் நாளைக்கே காகிதத்தோடு வரக்கூடும். வந்தால் ஆரஞ்சைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். கையெழுத்துக் கிடையாது.

என் கதவில் இருந்த கஞ்சியில் நான் வழித்தெடுத்தது போக மீதி காய்ந்துவிட்டது. துடைக்கவில்லை. உன்சிம் வர நினைத்தால் இந்தப் பொட்டைக் கண்டு பயப்படுவாளா? பத்து வருடத்துக்கு மேல் அதைக் கையில் வைத்துக்கொண்டு படி ஏறி இறங்கியவள். பூட்டின் எண்ணும் பழையதுதான்.

விடிவதற்கு முன் கீழே இறங்கிப் பலகையில் ஒட்டிவிடுவேன். கீழே பெயர் போடுவதா என்று பேனாவை வைத்து யோசித்தேன். வேண்டாம். ஒன்பது கதவிலும் அவளும் பெயர் போடவில்லை.